பென்டியம் 4-ல் டெபியன் 12: மாமா கடையில் இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்தது

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் மாமாவுக்குச் சின்னதாக ஒரு மசாலா, பூஜைச் சாமான் கடை. பில் போட இருப்பது ஒரு பழைய பென்டியம் 4 கணினி, ஒரு ஜிபி ராம், பேரலல் போர்ட்டில் ஒரு எப்சன் டாட் மேட்ரிக்ஸ். வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று தாள் கார்பன் பில் அதில்தான் வரும், இங்க்ஜெட்டில் வராது. அதனால்தான் இந்தப் பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது.

விண்டோஸ் எக்ஸ்பி 2014 ஏப்ரலில் கைவிடப்பட்ட பிறகும் மாமா அதையே ஓட்டிக்கொண்டிருந்தார். பழுது பார்க்கக் கொண்டுபோன கடையில் "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க அங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி என்று நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு உட்கார்ந்து, இலவச லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12-ஐ, பழைய பிராசசர்களுக்கான 32 பிட் வடிவத்தில் ஏற்றினேன். பிராசசர் விசிறியைக் கழற்றித் தூசி தட்டும்போது, பழைய பசையைத் துடைத்தால் மூடியில் 'மலாய்' என்று, அதாவது மலேசியா என்று பொறித்திருக்கிறது. பென்டியம் செய்யும் இன்டெல் 1972-லேயே பினாங்கில் ஆலை போட்டது. இந்தச் சில்லு பினாங்கு பாயான் லெப்பாஸ் ஆலையிலிருந்து வந்ததா, பக்கத்து கெடா மாநிலத்துக் கூலிம் ஆலையிலிருந்து வந்ததா என்று மூடி சொல்லாது, ஆனால் ஊர்க்காரன் என்பது நிச்சயம். மாமாவிடம் காட்டினேன், அப்புறம் தூக்கிப் போடும் பேச்சே எழவில்லை.

எப்படி ஓடுகிறது? எல்எக்ஸ்டிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு நன்றாகவே. பில் போடும் லிப்ரே ஆபீஸ் கால்க் (எக்செல் மாதிரி) திறப்பதற்குள் ஒரு கோப்பி கலக்கிவிடலாம், திறந்துவிட்டால் தொல்லையில்லை. பிரிண்டர்தான் முதலில் படுத்தியது: கால்க்கிலிருந்து அடித்தால் பில்லைப் படமாக்கி அனுப்பி, ஒரு பில்லுக்கு ஒரு யுகம் கிர்ர் கிர்ர் என்று இழுக்கும். கடைசியில் போர்ட்டுக்கே நேராக வெறும் எழுத்தை அனுப்பும் நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். இப்போது வாடிக்கையாளர் சில்லறை எண்ணி முடிப்பதற்குள் பில் வந்துவிடுகிறது. இணையத்துக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். குரோம் 32 பிட் லினக்ஸை 2016-லேயே விட்டுவிட்டது, ஃபயர்பாக்ஸும் 2025-ல் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. மாமா கடையில் நெட் கேபிளைப் பெரும்பாலும் பிடுங்கியே வைத்திருக்கிறேன், அப்டேட் போடும்போது மட்டும் செருகுவேன்.

இனி கெட்ட செய்தி. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் பிசிக்கு கெர்னலும் (இயங்குதளத்தின் மையக்கரு) இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. 32 பிட் மென்பொருள் தொகுப்புகள் இருக்கின்றன, ஆனால் அவை 64 பிட் கணினிக்குள் பழைய நிரல்களை ஓட்டுவதற்குத்தான். ஆகவே இப்படிப் பெட்டி வைத்திருப்பவர்கள் 13-க்குத் தாவ வேண்டாம், வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

இதற்காக டெபியனைத் திட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. நான் இரண்டு வருடம் ஓசியில் ஓட்டியிருக்கிறேன், ஒரு பிழை அறிக்கைகூட அனுப்பியதில்லை. மாமாவைப் போல ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான், சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறோம், பிறகு அந்தப் பக்கம் யார் சோதித்துப் பார்ப்பது? கையில் அந்த இயந்திரமே இல்லாத தன்னார்வலர் ஒவ்வொரு கெர்னலுக்கும் அது துவங்குமா என்று கனவிலா பார்ப்பார்? லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் அதை எழுதத் தொடங்கியதே இன்டெல்லின் பழைய 386 பிராசசர் கணினியில்தான், அதற்கே 2012 டிசம்பரில் கெர்னலில் கதவைச் சாத்திவிட்டார்கள். இங்கே நமக்கு டெபியன் 12-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஜூன் வரை உண்டு. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கே இவ்வளவு முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஒன்று, மின்சாரம். பிராசசர் மட்டுமே முழு வேகத்தில் சுமார் 60 வாட் குடிக்கும். டிஎன்பி (மின்வாரியம்) பில்லைப் பார்த்து மாமா முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், பிரவுசருக்காக ஒன்றைக் கழித்தேன். அடுத்தது பழைய ஆபீஸ் பிசி ஒன்று, 64 பிட், அதே பிரிண்டருக்கு ஒரு யூஎஸ்பி–பேரலல் கேபிள். கேபிளை வாங்கி என் லேப்டாப்பில் சோதித்தும் விட்டேன், மூன்று தாளும் சரியாக வருகிறது. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.