பூனைக்கு இன்சுலின் டோஸை ஏற்றுவது: வாரம் ஒரு கால் யூனிட்டா, மூன்று நாளுக்கு ஒரு கால் யூனிட்டா?

எங்கள் வீட்டுக் கருப்பனுக்கு 11 வயதில் சர்க்கரை வந்தது. 6 கிலோ இருந்தவன் இரண்டு மாதத்தில் நாலரைக்கு வந்துவிட்டான். தண்ணீர்க் கிண்ணத்தை எத்தனை முறை நிரப்பினாலும் காலி. மருத்துவர் கிளார்ஜின் இன்சுலின் ஒரு யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று ஆரம்பித்துவைத்தார். ஆரம்பத்தில் குழப்பம் இல்லை. அந்த ஒன்றை எப்போது ஒன்றேகால் ஆக்குவது, எதைப் பார்த்து ஆக்குவது என்பதில்தான் தலை சுற்றும்.

வீட்டிலேயே ரத்தம் எடுத்துப் பார்த்து, மருத்துவரிடம் கேட்டு டோஸ் மாற்றுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். 'ஸ்டார்ட் லோ, கோ ஸ்லோ' என்பது நிதானமான வழி. 'டைட் ரெகுலேஷன்' என்பது இறுக்கிப் பிடிக்கும் வழி. நான் முதலாவதில் ஐந்து வாரம் இருந்துவிட்டு இரண்டாவதுக்கு மாறினேன்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஊசிக்கு முன் பார்க்கும் எண்ணை வைத்து டோஸை ஏற்றக் கூடாது. இரண்டு ஊசிகளுக்கு நடுவே சர்க்கரை எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதே கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கருப்பனுக்கு 380 காட்டியது. அரை யூனிட் கூட்டிப் போட்டுவிடலாம் என்று கை பரபரத்தது. போடாமல் வழக்கமான டோஸையே கொடுத்தேன். மதியம் ஒரு மணிக்கு மீட்டரில் 104. காலை எண்ணை நம்பிக் கூட்டியிருந்தால் அந்த மதியம் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். மருத்துவமனையில் எடுக்கும் ஒற்றை எண்ணும் இதேபோல்தான். கூடையில் அடைத்துக் கொண்டுபோன பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை கிடுகிடுவென ஏறிவிடும்.

நிதானமான வழியில் ஒரு டோஸை ஒரு வாரமாவது மாற்றாமல் வைக்க வேண்டும். வார இறுதியில் ஒரு நாள், ஊசி போட்டதிலிருந்து 12 மணி நேரத்துக்கு, இரண்டு மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். மிகக் குறைந்த எண் 150-க்கு மேல் இருந்தால் கால் யூனிட் கூட்டலாம். 90-க்கும் 150-க்கும் நடுவில் என்றால் அப்படியே விடலாம். 90-க்குக் கீழே போனால் கால் யூனிட் குறைக்க வேண்டும். மற்ற நாட்களில் ஊசிக்கு முன் பார்ப்பது கட்டாயம். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இது தோது. இழப்பு நேரம்தான்: ஒன்றிலிருந்து இரண்டரைக்குப் போக ஆறு வாரம் ஆகிவிடும்.

இறுக்கிப் பிடிக்கும் வழியில் மூன்று நாளுக்கு ஒரு தடவையே ஏற்றலாம். நாளின் பெரும்பகுதி சர்க்கரை 50-க்கும் 120-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது இலக்கு. 50-க்குக் கீழே ஒரு முறை போனாலும் உடனே கால் யூனிட் குறைப்பு. அதனால் தினமும் பல தடவை, ராத்திரியும் சேர்த்து, பார்த்தாக வேண்டும். மாவுச்சத்து குறைந்த ஈர உணவு மட்டும்தான். உலர் உணவிலிருந்து மாற்றும்போது கவனம் தேவை: இன்சுலின் தேவை சில நாட்களிலேயே சரியும், பழைய டோஸே அதிகமாகிவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், பூனைக்குச் சர்க்கரை நோய் விலகி இன்சுலினே வேண்டாம் என்ற நிலை வரக்கூடும். கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் கிளார்ஜினை இப்படி இறுக்கிப் பிடிக்கும் முறையில் வீட்டிலேயே கொடுத்த 55 பூனைகளில் 64 சதவீதத்துக்கு அப்படி ஆனது. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் தொடங்கியவற்றில் 84 சதவீதம். அதற்குப் பிறகு தொடங்கியவற்றில் 35 சதவீதம். அந்தப் பூனைகளை வளர்த்தவர்கள் அசாத்தியப் பொறுமைசாலிகள் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் அந்த ஆறு மாதக் கணக்குதான் என்னை மாற வைத்தது. அந்தச் சமயம் மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை என்றானதால் பகல் சோதனைகளும் சாத்தியமாயின. அவள் வீட்டில் இல்லாவிட்டால் மாறியிருக்க மாட்டேன். சோதனை செய்யாமல் இந்த வேகத்தில் டோஸ் ஏற்றுவது பூனையின் உயிரோடு விளையாடுவது.

ரத்தம் எடுக்கக் காதில் குத்துவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து, வெதுவெதுப்பாகச் சூடாக்கி, காது ஓரத்தில் ஒத்தடம் கொடுத்துவிட்டுக் குத்தினால் கடுகளவு ரத்தம் வந்துவிடும். அது போதும். குத்தியவுடன் ஒரு துண்டு வேகவைத்த கோழி. பத்து நாளில் கருப்பன் ஒத்தடத் துணியைப் பார்த்ததும் தானாகவே வந்து உட்கார ஆரம்பித்தான்.

மீட்டர் விஷயத்தில் மனிதர்களுக்கானது பூனை ரத்தத்தில் சற்றுக் குறைத்தே காட்டும். மேலே சொன்ன எண்கள் அந்த மீட்டருக்கானவை. ஆல்ஃபாட்ராக் போன்ற விலங்கு மீட்டரில் 50 என்ற எல்லை 68 ஆகிவிடும். எதுவானாலும் சரி, ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். தோலில் ஒட்டும் லிப்ரே சென்சார் நாள் முழுவதும் சர்க்கரை ஏறி இறங்குவதைக் காட்டும், ஆனால் சில சமயம் இல்லாத தாழ்வைக் காட்டிப் பதற வைக்கும். காதில் ஒரு சொட்டு எடுத்து உறுதிசெய்யாமல் டோஸைத் தொடாதீர்கள்.

இரண்டு வழிகளையும் விடப் பெரிய ஆபத்து சிரிஞ்சில் இருக்கிறது. நம் மருந்துக் கடைகளில் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சும் ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கிளார்ஜின் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 'ஒன்று' என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். ஒரு கடையில் எனக்குச் சிவப்புதான் தந்தார்கள். வீட்டு வாசலில் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். கால் யூனிட் கணக்குக்கு 0.3 மில்லி, அரை யூனிட் கோடு போட்ட சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண இன்சுலின் பேனாவில் ஒவ்வொரு யூனிட்டாகத்தான் திருகமுடியும்.

கேனின்சுலின் என்ற வேறு வகை இன்சுலின் போடுபவர்களுக்கு இந்த மூன்று நாள் கணக்கு ஒத்துவராது. அது சீக்கிரம் இறக்கி, பல பூனைகளில் 12 மணி நேரம் ஆகும் முன்பே தீர்ந்துவிடும்.

இறுக்கிப் பிடிக்கும் வழியில் எங்களுக்கு ஒரு ராத்திரி 2 மணிக்கு 42 வந்தது. நடை லேசாகத் தள்ளாடியது. ஈறில் தேன் தடவி, உணவு கொடுத்து, கால் மணிக்கு ஒரு தடவை பார்த்தோம். விடியும்போது 90. வலிப்போ மயக்கமோ வந்திருந்தால் ஈறில் தேனைத் தடவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான். சாப்பிடவே மறுக்கும் பூனைக்கும், சிறுநீரில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) தெரியும் பூனைக்கும் வீட்டுக் கணக்கு எதுவும் பொருந்தாது, உடனே மருத்துவர்.

மறுநாள் காலை மருத்துவரிடம் சொல்லிவிட்டு இரண்டிலிருந்து ஒன்றேமுக்காலுக்கு இறக்கினோம். அதற்கப்புறம் இன்னும் நாலு முறை இறக்கியாயிற்று. இப்போது முக்கால் யூனிட்டில் நிற்கிறான். நேற்று மதியம் 58.