மைனஸ் 40-ல வண்டி ஸ்டார்ட் பண்ண ஜெனரேட்டரா, டீசல் ஹீட்டரா?

அலாஸ்காவுல ஃபேர்பேங்க்ஸ் பக்கம் குளிர்காலத்துல மைனஸ் 40 வரைக்கும் போகும். ஆயில் கெட்டியாகிடும், பேட்டரியும் பாதி செத்துரும். ஊருக்குள்ள பார்க்கிங்லயே பிளக் பாயின்ட் இருக்கும், இன்ஜின கரண்ட்ல சூடாக்குற பிளாக் ஹீட்டர சொருகிட்டா முடிஞ்சுது. கரண்டே இல்லாத காட்டுல வண்டி நின்னாதான் தலைவலி.

சின்ன ஜெனரேட்டர் ஒரு வழி. பிளாக் ஹீட்டர் பெரும்பாலும் 400-ல இருந்து 1500 வாட் இழுக்கும், அதனால 2000 வாட் ஜெனரேட்டர் இருந்தா போதும், ரெண்டு மூணு மணி நேரத்துல இன்ஜின் ஒரு பதத்துக்கு வந்துரும். கூத்து என்னன்னா ஜெனரேட்டரும் ஒரு இன்ஜின்தானே, ராத்திரி பூரா வெளிய வெறைச்சு கிடந்தா கயித்த இழுத்து இழுத்து தோள்பட்டையே கழண்டுரும், அதனால வீட்டுக்குள்ள வச்சிருந்து காலைல வெளிய கொண்டுபோய் ஓட்டணும். உள்ள ஓட்டிராதீங்க, கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்னுரும்.

இன்னொன்னு வெபாஸ்டோ மாதிரி பிராண்டோட டீசல் ஹீட்டர். டேங்க்ல இருக்குற டீசலையே எரிச்சு கூலன்ட்ட சூடாக்கி இன்ஜினுக்குள்ள சுத்த விடும், டைமர் வச்சுட்டு தூங்கலாம். மாட்டுற செலவு ஜாஸ்தி, பேட்டரி படுத்துட்டா இதுவும் படுத்துரும். தினம் ஓடுற லாரின்னா என் ஓட்டு இதுக்குத்தான், எப்பவாவது காட்டுக்கு போற பெட்ரோல் பிக்கப்புக்கு ஜெனரேட்டரே தாராளம்.