மோக்கா பாத்திரத்தில் லைட் காபி: மதுரை வீட்டுக்கான மதிப்பீடு

மதுரைக் கடைகளில் லைட் காபி கேட்டால், டிக்காஷனைக் குறைத்துப் பாலைக் கூட்டிக் கொடுப்பதே வழக்கம். சிக்கரி கலந்த தூளில் இறக்கிய டிக்காஷனை இவ்வாறு குறைக்கும்போது நிறமும் சிறு கசப்பும் எஞ்சுகின்றன. காபியின் மணமோ பாலுக்குள் மறைந்துவிடுகிறது. பால் மிகுதியாக இருக்க வேண்டும், கசப்பு தணிந்திருக்க வேண்டும், ஆயினும் கொட்டையின் மணம் கெடக் கூடாது என்று விரும்புவோருக்கு விலை உயர்ந்த எஸ்பிரெசோ இயந்திரம் கட்டாயமில்லை. பியாலெட்டி நிறுவனத்தின் மூன்று கப் மோக்கா பாத்திரமே போதும் என்பது, அதை நாள்தோறும் அடுப்பில் ஏற்றிவரும் என் முடிவு.

1933ஆம் ஆண்டு இத்தாலியில் உருவான இந்த எண்கோண அலுமினியப் பாத்திரத்தின் அமைப்பு எளிமையானது. கீழறையில் நீர், நடுவிலுள்ள கிண்ணத்தில் தூள், மேலறையில் வந்து சேரும் காபி. கீழே பெருகும் ஆவியின் அழுத்தம் வெந்நீரைத் தூளின் வழியே மேலேற்றுகிறது. எஸ்பிரெசோ இயந்திரம் ஏறத்தாழ 9 பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் வேலை செய்ய, இதில் ஒன்று அல்லது இரண்டு பார் அளவே கிடைக்கிறது. ஆதலால் எஸ்பிரெசோவின் மேல் படியும் பொன்னிற நுரையை இதில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அந்த நுரை பாலில் கரைந்துவிடும் என்பதால், பால் காபிக்கு அது பெரும் குறையாகாது. நமக்கு வேண்டியது அடர்த்தியும் மணமும். அவை இரண்டும் இதில் நிறைவாகவே கிடைக்கின்றன.

மூன்று கப் என்பதை நம் டம்ளர் கணக்கில் எடுத்துக்கொண்டு வாங்குவோர் ஏமாற நேரிடும். அது இத்தாலியரின் சிறு கோப்பைக் கணக்கு. ஏறத்தாழ 15 கிராம் தூளிட்டால் நூறு மில்லிலிட்டருக்குச் சற்று மேல் காபி இறங்கும். அதை இரண்டு டம்ளர்களுக்குப் பகிர்ந்து, ஒவ்வொன்றிலும் அதைப்போல் இரு மடங்கு பால் சேர்த்தால் நான் சொல்லும் பதம் வரும்.

தூளில் சிக்கரி துளியும் இருக்கக் கூடாது. நம் சட்டப்படி காபி சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காடு இருந்தாலே போதுமானது. அத்தகைய தூள் நீரை உறிஞ்சி உப்பி, வெந்நீரின் வழியை அடைப்பதோடு, லைட் காபியின் சுவையையும் மூடிவிடும். கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் கடைகளில் ‘பிளாண்டேஷன் ஏ’ எனும் அராபிகா தரத்தையோ, பழத்துக்கு ஒன்றாக உருண்டு விளையும் பீபெரிக் கொட்டையையோ கேட்டு, இளவறுப்பாக, பொடியுப்பின் அளவுக்கு அரைத்து வாங்கலாம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு ஆகிய ஊர்களில் நிழல்மரங்களின் கீழ் விளையும் அராபிகா நமக்கு மிக அண்மையில் இருக்கும்போது, வெளிநாட்டுப் பெயர் அச்சிட்ட பழைய தூள் டப்பாவுக்குப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. தூளைக் கிண்ணத்தில் சமமாக நிரப்பினால் போதும்; அழுத்தக் கூடாது.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மதுரையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதிலுள்ள பைகார்பனேட் உப்புகள் காபியின் இனிய புளிப்பை அடக்கிவிடுகின்றன. லைட் காபிக்கு உயிர் கொடுப்பது அந்தப் புளிப்புதான். மேலும் அந்த நீர் கீழறையில் உப்புப் படிவத்தை ஏற்றி, பாதுகாப்பு வால்வை அடைத்துவிடக் கூடும். குடிநீரையே பயன்படுத்துங்கள், வால்வின் மட்டத்துக்குக் கீழ் நிற்குமாறு கொதிநீராகவே ஊற்றுங்கள். குளிர்ந்த நீரில் தொடங்கினால் நீர் சூடேறும் நேரமெல்லாம் தூளும் சூடேறிக் கசப்பு கூடும். சிறு தீயில், மூடியைத் திறந்துவைத்து, கரும்பழுப்பாக வரும் ஒழுக்கு வெளிறி, சீறத் தொடங்கியதும் இறக்கி, அடிப்பகுதியைக் குழாய் நீரில் காட்ட வேண்டும். இந்தக் கடைசி நொடிகளைத் தவறவிட்டால் எந்தப் பாலும் காபியைக் காப்பாற்றாது.

பாலில்தான் நம் பழக்கம் மாற வேண்டியிருக்கிறது. கள்ளிச்சொட்டுப் பாலைக் கொண்டாடும் ஊர் என்றாலும், ஆறு விழுக்காடு கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பால் இந்தக் காபிக்குக் கனமானது. மூன்று விழுக்காடு கொழுப்புள்ள சமன்படுத்தப்பட்ட பால், அதாவது ஆவினின் நீல நிறப் பாக்கெட், மிகவும் பொருத்தமானது. ஒன்றரை விழுக்காட்டுக்கு இறங்கினால் நுரை எழும்பும், ஆனால் வாயில் தண்ணீராகத் தோன்றும். பாலைப் பொங்கவிடாமல் 60 முதல் 65 பாகை செல்சியஸ் வரை மட்டுமே சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் பாலின் இயல்பான இனிப்பு நன்கு தெரியும். கொதித்தால் காய்ச்சிய வாடை ஏறி, காபியின் மணத்தோடு போட்டியிடும். பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்யப்பட்டது என்பதால், குளிர்பெட்டியில் ஒழுங்காக வைத்திருந்த பாலுக்கு இச்சூடு போதும். கறந்த பாலைக் கட்டாயம் காய்ச்சியே பயன்படுத்த வேண்டும். நுரைக்கு ஒரு சிறிய பிரெஞ்சு பிரஸ் (தண்டில் சல்லடை பொருத்திய காபிக் குடுவை) போதும்: குடுவையின் மூன்றில் ஒரு பங்கு வரை பாலை ஊற்றி, அதன் தண்டை மேலும் கீழும் வேகமாக இழுத்தால் மெல்லிய நுரை எழும்.

பாத்திரத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அலுமினியம் என்பதால் இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது. அடிப்பகுதி சிறியதாகையால் நம் கேஸ் அடுப்பின் தாங்கிகளுக்கு இடையே சரியாக நிற்பதில்லை. தாங்கிகளின் மேல் ஒரு கம்பி வலை வைத்தாக வேண்டும். புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கக் கூடாது, அமிலம் உலோகத்தை அரிக்கும். வெந்நீரில் அலசித் துடைத்தால் போதும். உறவினர் நால்வர் வந்துவிட்டால் மீண்டும் மீண்டும் அடுப்பேற்ற வேண்டியிருக்கும் என்பதால், பெரிய குடும்பத்தின் காலைக் காபிக்கு எவர்சில்வர் பில்டரே ஏற்றது. ஒருவரோ இருவரோ மாலையில் அமைதியாக அருந்துவதற்கு இதையே பரிந்துரைப்பேன். குக்கரில் இருப்பதைப் போன்ற கேஸ்கட் ஒன்று இதிலும் உண்டு. அது நாளடைவில் இறுகி ஆவியைக் கசியவிடும் என்பதால், மூன்று கப் அளவுக்கான மாற்று கேஸ்கட்டைப் பாத்திரத்துடன் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.