கேட்பரி 2003, மேகி 2015: நெருக்கடியில் யார் சரியாகப் பேசினார்கள்?

2003 அக்டோபர். மும்பையில் கேட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு இருந்ததாகப் புகார் கிளம்பியது. மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகத் துறை சரக்கைப் பறிமுதல் செய்தது. அதுவும் தீபாவளி நேரத்தில்! கடையில் சரியாக வைக்காததுதான் காரணம் என்று கம்பெனி முதலில் சொன்னது. மோசமான பதில். கடையிலேயே புழு நுழைந்திருந்தாலும், நுழையவிட்டது உங்கள் உறைதானே என்று துறை திருப்பிக் கேட்டது.

ஆனால் கேட்பரி அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. விளம்பரங்களை நிறுத்தியது, கடைக்காரர்களிடம் நேரில் போய்ப் பேசியது. 2004 தொடக்கத்தில் சூட்டில் ஒட்டி மூடிய புது உறை வந்தது, அப்புறம்தான் அமிதாப் பச்சன் விளம்பரத்தில் வந்தார். இந்த வரிசை எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. வாங்குகிறவர் கையால் தொட்டுப் பார்க்கும்படி ஒன்றை மாற்றிவிட்டுத்தான் நம்பச் சொன்னார்கள்.

மேகி விஷயத்தில் நெருக்கடியை அடையாளம் காண்பதிலேயே சறுக்கல். உத்தரப் பிரதேசம் பாராபங்கியில் எடுத்த மாதிரியில் 17.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 17.2 பங்கு) ஈயம் என்று கொல்கத்தா ஆய்வகம் சொன்னது, வரம்பு 2.5 பிபிஎம். மேகி நூடுல்ஸைத் தயாரிக்கும் நெஸ்லே இதை ஆய்வகத் தகராறாகவே பார்த்தது. 2015 மே மாதம் செய்தி நாடெங்கும் பரவியபோதும் 'பாதுகாப்பானது' என்ற சுருக்கமான அறிக்கைகளே வந்தன. எம்எஸ்ஜி (மோனோசோடியம் குளுட்டமேட் என்ற சுவையூட்டி) சேர்க்கவில்லை என்று பாக்கெட்டில் போட்டிருந்ததும் வினையானது. மூலப்பொருளில் இயற்கையாகவே குளுட்டமேட் உண்டு என்பது கம்பெனி தந்த விளக்கம். அறிவியல்படி சரிதான். பிள்ளைக்குச் சமைத்துக் கொடுத்த அம்மாவுக்கு அது போதுமா? ஜூன் 5 அன்று தேசியத் தடை வந்தது. அதே நாளில் நெஸ்லேயின் அப்போதைய உலகத் தலைமை நிர்வாகி பால் புல்கே டெல்லியில் பேட்டி கொடுத்தார்: பண்டம் பாதுகாப்பானது, ஆனாலும் திரும்பப் பெறுகிறோம் என்று. கேட்டவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அது சொன்ன 3 ஆய்வகங்களிலும் ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது. அதற்குள் 30,000 டன்னுக்கும் மேல் மேகி அழிக்கப்பட்டுவிட்டது. நவம்பரில்தான் மறுபடி கடைக்கு வந்தது.

என் ஓட்டு கேட்பரிக்கு. தப்பு நம் பக்கமே இல்லையென்றால் என்ன செய்வது என்று கேட்கலாம். அப்போதும் முதல் வாரத்திலேயே எந்த ஆய்வகம், எந்த பேட்ச், என்ன அளவு என்று எல்லாவற்றையும் ஊரறியச் சொல்லியிருக்கலாம். நெஸ்லேயிடம் சொந்தப் பரிசோதனை முடிவுகள் கையிலேயே இருந்தன.