எம்டிபிக்கு எடை குறைந்த வீல்: ரெடிமேட் செட்டா, கடையில் கட்டியதா?

பின் வீலைக் கழற்றி, டயர், ட்யூப், ஃப்ரீவீல் எல்லாம் நீக்கிவிட்டு, தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தேன். 1,410 கிராம். முன் வீல் 1,120. ஜோடி இரண்டரைக் கிலோவைத் தாண்டியது. கடைக்காரர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "அலுமினியம்தானே தம்பி, போட்டுட்டுப் போறியளா?" என்று கேட்டார். அன்றைக்கு இருந்த மனநிலையில் போட்டுவிட்டே வந்திருப்பேன்.

என்னுடையது 27.5 அங்குல எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், பின்னால் ஏழு கியர், கையால் நெம்பித் திறக்கும் குயிக் ரிலீஸ் அச்சு. 24,000 ரூபாய்க்கு வாங்கியது. அந்த விலையில் வரும் சைக்கிள்களில் கம்பெனிக்காரர்கள் காசு மிச்சம் பிடிக்கும் இடம் வீல்தான். ஃப்ரேமும் ஃபோர்க்கும் கண்ணுக்குத் தெரியும், சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? நான் ஒதுக்கி வைத்திருந்தது 15,000 ரூபாய். வீட்டில் சொன்ன கணக்கு வேறு, அது இங்கே வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீலைத் தொடுவதற்கு முன் டயரை மாற்றுங்கள். ஓரத்தில் இரும்புக் கம்பி வைத்த டயர் என்னுடையது ஒன்று 840 கிராம் இருந்தது, மடிக்கக்கூடிய டயர் 640. இரண்டுக்கும் சேர்த்து 400 கிராம், அதுவும் சக்கரத்தின் விளிம்பில். ஒரு ரூபாய்க்கு இத்தனை கிராம் என்று பார்த்தால் இதை மிஞ்ச எந்த வீலாலும் முடியாது. ஒரே குறை, பக்கச்சுவர் மெலிசு. நம்ம ஊர் உடைமுள்ளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அதையும் செய்து முடித்தவர்களுக்குத்தான் மிச்சக் கதை.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தன. ஒன்று, கம்பெனியே கட்டித் தரும் வீல் செட், பழையதாக. திருநெல்வேலியில் எங்கள் பெருமாள்புரத்து நண்பர் அந்த வழியில் போனார், பெங்களூரிலிருந்து ஒரு செட் 15,000 ரூபாய்க்கு வரவழைத்தார். சக்கரத்துக்கு 24 ஸ்போக், அதுவும் ஹப் பக்கம் வளைவே இல்லாமல் நேராக நுழையும் கம்பி, பால்ஸை உள்ளே வைத்து மூடிய சீல்டு பேரிங், ஜோடி 1,720 கிராம். பார்க்க அத்தனை அழகு. இன்னொன்று, ரிம், ஹப், ஸ்போக் தனித்தனியாக வாங்கி உள்ளூரில் கட்டுவது. நான் போனது இந்த வழி. 32 துளை இரட்டைச் சுவர் ரிம் இரண்டும் 4,600, ஷிமானோ டியோர் ஹப் ஜோடி 4,200, நடுவில் மெலிந்த ஸ்போக் 64-க்கு 3,200, கட்டுக்கூலி 1,000. மொத்தம் 13,000. எடை 2,050 கிராம். நண்பருடையதைவிட 330 கிராம் கூடுதல்.

அந்த 330 கிராமால் என்ன குறைந்துபோகிறது? ரிம்மில் குறையும் எடை, வேகம் எடுக்கும்போது ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கணக்கில் வரும், ஏனென்றால் அது முன்னால் நகரவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். ஒரே வேகத்தில் ஏறும்போது அந்தச் சலுகை கிடையாது, வெறும் எடைதான். நானும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்தால் 92 கிலோ. 330 கிராமை இரட்டித்தாலும் அதில் ஒரு சதவீதம் வராது. ரெட்டியார்பட்டி மலை ரோட்டில் இரண்டு செட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஏறிப் பார்த்தோம். பழைய வீலிலிருந்து என் வீலுக்கு மாறியது காலுக்கு நன்றாகவே தெரிந்தது, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது சைக்கிள் துள்ளிக்கொண்டு போனது. என் வீலிலிருந்து நண்பரின் வீலுக்கு மாறியபோது வித்தியாசம் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. பந்தயம் ஓட்டுகிறவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். நான் ஓட்டியதில்லை.

எடை விஷயம் இவ்வளவுதான். கெட்டுப்போனால் யார் சரி செய்வார்கள் என்பதைப் பார்த்துத்தான் நான் வீலைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒரு ஞாயிறு, சேரன்மகாதேவி தாண்டி கன்னடியன் கால்வாய்க் கரையில் போய்க்கொண்டிருந்தோம். நண்பரின் பின் சக்கரத்தில் ஒரு கருவேலங்குச்சி சிக்கி ஒரு ஸ்போக் அறுந்தது. 24 கம்பியில் ஒன்று போனால் மிச்சம் 23 அதன் சுமையைத் தாங்காது. ரிம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு டயர் ஃப்ரேமில் உரச ஆரம்பித்தது. உருட்டிக்கொண்டு வீரவநல்லூர் போனோம், ஒரு சைக்கிள் கடை திறந்திருந்தது. அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறுந்த கம்பியை வாங்கி இரண்டு முனையையும் தடவிப் பார்த்தார். "வளைவே இல்லையே தம்பி. இதுக்கு எங்க போயி கம்பி வாங்குவிய?" என்றார். அவரிடம் நூற்றுக்கணக்கில் ஸ்போக் தொங்கியது, எல்லாம் கழுத்து வளைந்தவை. கடைசியில் லோடு ஆட்டோ பிடித்து வீடு வந்தோம். அந்த ஒற்றைக் கம்பி கூரியரில் வந்து சேரப் பதினொரு நாள் ஆனது.

நாலு மாதம் கழித்து எனக்கும் அறுந்தது, பத்தமடைக்குப் பக்கத்தில். ஸ்போக் அறுவது எந்த வீலுக்கும் வரும், அதில் என் வீல் ஒன்றும் ஒசத்தி இல்லை. 32-ல் ஒன்று போனதால் ஆட்டம் கொஞ்சம்தான், மெதுவாக ஓட்டியே கடைக்குப் போய்விட்டேன். பின் வீலில் வலது பக்கக் கம்பியும் இடது பக்கக் கம்பியும் ஒரே நீளம் இருக்காது, ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அதனால் கட்டும்போதே ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு கூடுதலாக வாங்கி, சீட்டுக் குழாயோடு சேர்த்து டேப் சுற்றி வைத்திருந்தேன். டி25 சாவியால் டிஸ்க்கின் ஆறு போல்ட்டையும் கழற்றி, கம்பியைக் கோத்து, கோட்டம் எடுத்து முடிக்க நாற்பது நிமிடம். அந்தக் கடை அண்ணாச்சி அறுபது ரூபாய் வாங்கினார். அறுந்தது இடது பக்கம் என்பதால் தப்பித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வலது பக்கமாக இருந்தால் கியர் பல்சக்கர அடுக்கான காசெட்டைக் கழற்றியாக வேண்டும், அதற்கான திருகி அந்தக் கடையில் இல்லை. இப்போது பையில் ஒன்று வைத்திருக்கிறேன்.

அடுத்து ஹப். என் ஷிமானோ ஹப்பில் கோனும் உதிரிப் பால்ஸும்தான். இதைப் பழைய தொழில்நுட்பம் என்று இளப்பமாகப் பேசுகிறவர்கள் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மீனாட்சிபுரத்து வீட்டின் கீழ்த்தளத்தில் என் சைக்கிள் ஹப் மூழ்கும் அளவுத் தண்ணீரில் ஒன்றரை நாள் நின்றது. தாமிரபரணி வண்டல் உள்ளே போய், அச்சைச் சுற்றினால் நறநறவென்றது. கோன் ஸ்பேனரை வைத்துத் திறந்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பழைய பால்ஸைக் கொட்டிவிட்டுப் புதுசு போட்டோம். பின்னால் பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குல பால்ஸ், முன்னால் பக்கத்துக்குப் பத்து, அளவு கொஞ்சம் சின்னது. எந்த சைக்கிள் கடையிலும் எண்ணிக் கொடுப்பார்கள். க்ரீஸ் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. பின் ஹப்பில் காசெட் ஏறும் பகுதியான ஃப்ரீஹப்பின் உள்பகுதியை மட்டும் திறக்கவில்லை, மண்ணெண்ணெய் ஊற்றி ஆட்டிவிட்டு ஆயில் விட்டதோடு சரி. இன்றைக்கும் அதில் லேசாக மணல் சத்தம் இருக்கிறது.

நண்பரின் சீல்டு பேரிங்குக்கு வெள்ளம் தேவைப்படவில்லை, ஒன்றேகால் வருடத்தில் தானாகவே ஆட்டம் கொடுத்தது. 6902 என்ற நம்பர், உள்விட்டம் 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 28, தடிமன் 7. ஜங்ஷன் பக்கம் பேரிங் கடைகளில் ஏறி இறங்கினோம். மோட்டாருக்கும் பம்புக்கும் போகிற 6001, 6201 எல்லாம் மலை மாதிரி குவிந்திருந்தன, இது இல்லை. மதுரையிலிருந்து மூன்று நாளில் வந்தது. பழையதைத் தட்டி எடுக்க ஒரு லேத் பட்டறையில் கெஞ்ச வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று, மாற்றியதும் அவர் ஹப் புத்தம் புதுசு ஆகிவிட்டது. என் ஹப்பில் பால்ஸ் ஓடும் கிண்ணத்திலேயே குழி விழுந்துவிட்டால் ஹப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான். வருடம் ஒருமுறை திறந்து க்ரீஸ் மாற்றாதவர்கள் என் வழிக்கு வராமல் இருப்பது நல்லது.

கட்டுவது யார் என்று கேட்பீர்கள். பாளை மார்க்கெட் பக்கம் நாற்பது வருடமாகப் பெரிய சைக்கிளுக்கு வீல் கட்டுகிற அண்ணாச்சி ஒருவர். ஸ்போக்கைப் பார்த்ததும் "நடுவுல மெலிஞ்சிருக்கே, தாங்குமா?" என்று சந்தேகப்பட்டார். முனைகளில் 2 மில்லிமீட்டர், நடுவில் 1.8. மெலிந்த பகுதி கொஞ்சம் இழுபட்டுக் கொடுப்பதால் வழக்கமாக அறுகிற கழுத்துப் பகுதிக்கு அதிர்ச்சி குறைகிறது. எடை குறைவதோடு ஆயுளும் கூடுகிறது என்பது முதலில் எனக்கே நம்பும்படியாக இல்லை. அவர் ஸ்டாண்டு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு சாக்பீஸை ஃப்ரேமில் ஊன்றி, சுற்றும் ரிம்முக்கு மயிரிழை தள்ளிப் பிடித்தார். எங்கே கோட்டமோ அங்கே மட்டும் வெள்ளை விழுந்தது. அந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிளைக் கால் சுற்று முறுக்கி, மறுபடி சுற்றி, மறுபடி துடைத்து, ஒன்றரை மணி நேரம். இரண்டு வாரம் ஓட்டிவிட்டுக் கொண்டுவரச் சொன்னார், கம்பி உட்கார்ந்த பிறகு மறுபடி இறுக்க வேண்டுமாம். அதற்குக் காசு வாங்கவில்லை.

நிப்பிளில் அலுமினியம் போட்டால் இன்னும் நாற்பது கிராம் குறையும், பித்தளையே போதும் என்று விட்டுவிட்டேன், உவரி, திருச்செந்தூர் என்று கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிறவன் நான், உப்புக்காற்றில் அலுமினியம் அரித்துப் பிடித்துக்கொள்ளும். கார்பன் ரிம் இந்த பட்ஜெட்டில் பேச்சே இல்லை. ட்யூப்லெஸ் விஷயத்தில் நண்பர் என்னைவிட முன்னால் இருக்கிறார், ட்யூப் இல்லாமல், ஓட்டையை அடைக்கும் மருந்தை டயருக்குள் ஊற்றி ஓட்டுவதால் உடைமுள் குத்தி அவர் இறங்கி நின்று நான் பார்த்ததில்லை, நான் மாதம் ஒரு பஞ்சர். என் ரிம்மும் ட்யூப்லெஸுக்கு ஏற்றதுதான், இன்னும் மாறவில்லை. வெயிலில் அந்த மருந்து சீக்கிரம் காய்ந்துவிடும் என்கிறார்கள், மாறிய பிறகு சொல்கிறேன்.

ஒரு மறைமுகச் செலவு உண்டு. பழைய ஏழு கியர் ஃப்ரீவீல் மரையில் முறுக்கும் வகை, புது ஹப்பில் ஏறாது. அந்த வகை ஹப்பில் வலது பக்கப் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சு வளையும், என்னுடையது வளைந்தே இருந்தது. ஃப்ரீஹப்பில் பேரிங் ஓரத்தில் வந்துவிடுகிறது. ஆகவே ஏழு கியர் காசெட் ஒன்று 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டு, ஒன்பது கியருக்கான ஃப்ரீஹப்பில் அதை மாட்ட 4.5 மில்லிமீட்டர் வளையம் ஒன்று பின்னால் போட வேண்டும். இல்லையென்றால் காசெட் லொட லொடவென்று ஆடும்.

த்ரூ-ஆக்சில் என்ற தடித்த அச்சு உள்ள விலை கூடிய சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும், கோயம்புத்தூர், பெங்களூரில் நல்ல சர்வீஸ் கடை பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நண்பரின் வழியே சரியாக இருக்கலாம். விற்கும்போதும் கம்பெனி பெயர் போட்ட செட்டுக்குத்தான் கிராக்கி, கடையில் கட்டியதை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். நான் விற்கிற மாதிரி இல்லை.

எதை வாங்கினாலும் சரி, காசு கட்டும் முன் பின் வீலைக் கழற்றிவிட்டு ஃப்ரேமில் அச்சு உட்காரும் இரண்டு காதுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். குயிக் ரிலீஸ் வண்டிக்கு 135 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், முன்னால் 100. டிஸ்க்கில் ஆறு போல்ட்டா, நடுவில் பல் வைத்ததா என்றும் பாருங்கள். நண்பர் பார்க்கவில்லை, டிஸ்க் மாட்டுவதற்கு அடாப்டர் தனியாக வாங்கினார்.