2,360 ரூபாய் கட்டினேன், என் கைக்கு ஒரு பைசா வராதாம்

வலது கையில் மாவுக்கட்டு. இடது கட்டைவிரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் வரிசையாக இருக்குமே, ஜெராக்ஸும் இன்சூரன்ஸும் ஒரே மேஜையில் நடக்கும் கடைகள், அதில் ஒன்றில் ஏமாந்தேன். பெயர் வேண்டாம். இன்சூரன்ஸ் போடும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

ஸ்கூட்டர் வாங்கியபோது ஷோரூமிலேயே போட்ட 5 வருட இன்சூரன்ஸ் மார்ச்சில் முடிந்தது. இல்லாமல் பிடிபட்டால் 2,000 அபராதம் என்ற பயத்தில்தான் போனேன். "விழுந்து அடிபட்டா எனக்கு ஏதாவது வருமா தம்பி?" என்று வாய்விட்டுக் கேட்டேன். பையன் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினான். "அக்கா, இது ஃபுல் கவர். கை கால் உடைஞ்சா 15 லட்சம் வரைக்கும் இருக்கு. எங்கம்மா வண்டிக்கும் இதான் போட்டிருக்கேன்."

அந்த 'எங்கம்மா'வில் விழுந்தேன். 2,360 ரூபாயை அவன் நம்பருக்கே அனுப்பினேன். மடித்துக் கொடுத்த பாலிசியைப் பிரிக்காமல் சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

பத்து நாளுக்கு முன் மணலில் சறுக்கி மணிக்கட்டு முறிந்தது. பிளேட் வைக்க 61,000. அப்போதுதான் அதைப் பிரித்தேன். வெறும் தேர்ட் பார்ட்டி! பிரீமியம் 714, ஜிஎஸ்டியோடு 843. நான் யாரையாவது இடித்தால் அவருக்குக் கிடைக்கும். எனக்கும் இல்லை, வண்டிக்கும் இல்லை. வண்டியின் உரிமையாளர் ஓட்டும்போது கட்டாயமாக இருக்க வேண்டிய 15 லட்சம் விபத்து கவருக்கு நேராக சைபர். காரணம், எனக்கு ஏற்கெனவே வேறு விபத்து பாலிசி இருப்பதாக நானே சொன்னேனாம். அவன் கேட்கவே இல்லையே! மீதி 1,517 எங்கே?

போன் செய்தால், "சாப்டுட்டு கூப்பிடுறேன்கா." கூப்பிடவில்லை. நேரில் போனால், "சர்வீஸ் சார்ஜ்கா." 843 ரூபாய் பாலிசிக்கு 1,517 சர்வீஸ் சார்ஜ்! கம்பெனி நம்பரில் இருபது நிமிடம் பாட்டு ஓடியபின், "உங்க ஏஜெண்டைத் தொடர்பு கொள்ளுங்க மேடம்." மறுநாள் கடையில் வேறு பையன்: "அந்த அண்ணன் ஊருக்குப் போயிருக்கார்."

இன்னொரு கொடுமை. அந்த 15 லட்சம் கவர் இருந்திருந்தாலும் ஆஸ்பத்திரி செலவுக்கு எதுவும் வராதாம். இறந்தால், கை கால் கண் போனால், நிரந்தரமாக முடங்கினால்தான் பணம். எலும்பு முறிவுக்குக் கிடையாது. அப்படியென்றால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நிஜமில்லை.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், விரல் வலிக்கிறது. தேர்ட் பார்ட்டி பிரீமியம் அரசு நிர்ணயிப்பது, எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். அதற்கு மேல் கேட்டால் எதற்கென்று கேளுங்கள். பணத்தைக் கம்பெனிக்கே கட்டுங்கள், ஆளுக்கு அனுப்பாதீர்கள். பாலிசியை அங்கேயே பிரித்து, அந்த 15 லட்சம் கவருக்கான 'உரிமையாளர்-ஓட்டுநர்' வரியைப் பாருங்கள். லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் அந்த கவரும் கிடைக்காது.

இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ ஆணையத்தின் புகார் எண் 155255-இல் புகார் கொடுத்துவிட்டேன். நாளை என் தம்பியோடு மறுபடி கடைக்குப் போகிறேன். 1,517 கைக்கு வராமல் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.