கரட்டுக்குச் சீனி 5.8

இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான். கொழுந்து நிறுக்கும் தராசு அரைக் கிலோ குறைத்துக் காட்டினால் மடுவத்தில் பெண்கள் விடமாட்டார்கள், மறுநாள் மலைக்கே போகமாட்டார்கள். அதனால் அளக்கிற சாமான் எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் அதையே சோதித்துப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது.

போன மார்கழியில் மருமகன் கொழும்பிலிருந்து ஒரு வாட்ச் கொண்டுவந்தார். ஒன்லைனில் வாங்கியது, 9,500 ரூபாய். "மாமா, இனி விரலைக் குத்த வேண்டாம். இதைக் கட்டினால் போதும், சீனியை அதுவே காட்டும்" என்றார்.

எனக்குப் பதினொரு வருடமாகச் சீனி வியாதி. கிளினிக் கொப்பி இது மூன்றாவது. எங்கள் பக்கத்து மார்கழி, தைக் குளிரில் காலை ஐந்தரைக்கு விரலைக் குத்தினால் இரத்தம் லேசில் வராது. சுடுதண்ணீரில் கையை வைத்து, தேய்த்து, பிழிந்து ஒரு சொட்டு எடுக்கவேண்டும். அந்தச் சொட்டில் சீனி பார்க்கும் என் மீட்டர் வேறு, 10 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் எண் காட்டாது. அடுப்படியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் வழிக்கு வரும். ஆக, அந்த வாட்ச் மேல் எனக்கு ஆசை வந்தது உண்மை.

ஆனாலும் தோட்டத்தில் செக்ரோல், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு, எழுதிய கை சும்மா இருக்குமா? கொப்பியில் கோடு போட்டு, ஒரு பக்கம் வாட்ச், மறு பக்கம் மீட்டர் என்று 14 நாள் எழுதினேன். வாட்ச் மில்லிமோலில் காட்டுகிறது, எங்கள் கிளினிக்கில் 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. 18ஆல் பெருக்கினால் சரி.

14 நாளும் வாட்ச் 5.2க்குக் கீழே இறங்கவில்லை, 7.1க்கு மேலே ஏறவும் இல்லை. மீட்டரோ 61க்கும் 274க்கும் இடையில் ஏறி இறங்கியது. ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் 212. வாட்சில் 6.0, அதாவது 108. தைப்பொங்கலன்று மனைவி அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் சர்க்கரைப் பொங்கலில் கை வைத்துவிட்டேன். மீட்டர் 274. வாட்ச் 6.3 காட்டி, கூடவே பச்சை நிறத்தில் ஒரு சிரித்த முகமும் போட்டது.

அதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த 61 அப்படியில்லை. ஹட்டனிலிருந்து பஸ் பிந்திய இரவு அது. சீனியைக் குறைக்கும் கிளிக்கிளசைட் மாத்திரை போட்டிருந்தேன், சாப்பாடு தள்ளிப்போய்விட்டது. வீட்டுக்குள் வரும்போதே கை நடுக்கம், நெற்றியெல்லாம் வியர்வை. அந்தக் குளிரில் வியர்வை! வாட்ச் 5.9 என்றது, 106. சீனி நன்றாகத்தானே இருக்கிறது, களைப்பாக இருக்கும் என்று படுக்கப் போனேன். "இங்க பாருங்க, அந்த வாட்ச கழட்டி வீசிட்டு கைய நீட்டுங்க" என்று மனைவிதான் குத்தினார். 70க்குக் கீழே போனாலே ஆபத்து, எனக்கு 61. மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது 88. அப்புறம்தான் சோறு.

மறுநாள் பேத்தி ஒரு வேலை செய்தாள். சமையலுக்கு வைத்திருந்த பெரிய கரட் ஒன்றை எடுத்து அதில் வாட்சைக் கட்டினாள். கரட்டுக்குச் சீனி 5.8. நாடித்துடிப்பு 74!

வாட்சின் அடியில் எரியும் பச்சை வெளிச்சம் நாடித்துடிப்பு பார்ப்பதற்கானது. சீனி அப்படி அகப்படுகிற சாமான் இல்லை. 100 மில்லிகிராம் என்றால் ஒரு லீற்றர் இரத்தத்தில் 1 கிராம். உடம்பில் ஓடும் ஐந்து லீற்றர் இரத்தம் முழுவதிலும் ஒரு தேக்கரண்டிச் சீனிதான். தோலையும் கொழுப்பையும் தண்ணீரையும் தாண்டி அதை வெளிச்சத்தால் எடைபோடுவது லேசா? இதன் செயலி என் வயது, எடை, சாப்பிட்ட நேரம் எல்லாம் கேட்டது. அதை வைத்து ஏதோ ஒரு நடுத்தர எண்ணைத் தட்டிவிடுகிறது என்பது என் ஊகம்.

கிளினிக் நர்ஸிடம் கொப்பியைக் காட்டினேன். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது என்றார். தோலைத் துளைக்காமல் தானாகச் சீனி அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அவர்கள் அனுமதி கொடுத்திருக்கவில்லை. கையில் ஒட்டுகிற லிப்ரே, டெக்ஸ்கொம் போன்ற சென்சார் வேறு சாதி. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்கு அடியில் இறங்கி அங்குள்ள நீரில் அளக்கிறது. இரத்தத்தைவிடச் சில நிமிடம் பிந்தும், ஆனால் உண்மையிலேயே அளக்கிறது. அந்த எண்ணை வாட்சில் பார்ப்பதில் குற்றமில்லை.

விற்றவர்களுக்கு மருமகன் எழுதினார். தாளின் கடைசியில் பொடி எழுத்தில் 'மருத்துவத் தேவைக்கு அல்ல' என்று இருக்கிறதே, பார்க்கவில்லையா என்று பதில் வந்தது. பெட்டியின் முன்பக்கத்தில் ஊசி குத்திய விரலுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட படம் மட்டும் உள்ளங்கை அளவுக்கு இருக்கிறது. காசு திரும்பவில்லை.

நேரம் சரியாகக் காட்டுகிறது, நடக்கிற கணக்கும் பரவாயில்லை. பேத்தி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். அடுத்த முறை வரும்போது மீட்டருக்கு இரண்டு பெட்டி ஸ்ட்ரிப் கொண்டுவரும்படி மருமகனிடம் சொல்லியிருக்கிறேன்.